எந்தப் பக்கம் படுக்கிறீங்க

அமராவதியின் இடுப்பு வலியைவிட, அந்த வலிக்குத் தேயிலைத் தோட்டத்தில் ஆளாளுக்குச் சொன்ன காரணங்கள்தான் அவளை அதிகம் பாடாய்ப் படுத்தின. கங்காணி வாயு என்றார். பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி சுளுக்கு என்றாள், அதுவும் சாதாரணச் சுளுக்கு இல்லையாம், உள்ளே இறங்கிய சுளுக்கு. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். புருஷன் சிவஞானம் மட்டும் "வயசு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் பழைய பேப்பரைப் புரட்டினார். அதைக் கேட்டுத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரைவிட அவள் எத்தனையோ வயது இளையவள். வயசுதான் காரணம் என்றால் அவர் இந்நேரம் எழுந்து நடக்கவே கூடாது.

இடுப்பு என்று பொதுவாகச் சொன்னாலும், வலி இருந்த இடம் அதற்குக் கொஞ்சம் கீழே. தொடை தொடங்குகிற இடத்தில் வெளிப்பக்கமாகக் கையை வைத்தால் ஓர் எலும்பு முட்டுமே, அதன் மேல். இடது பக்கம். உட்கார்ந்து எழுந்தால் குத்தியது, மலையில் ஏறினால் இழுத்தது, ஒற்றைக் காலில் கொஞ்ச நேரம் பாரம் கொடுத்தால் விண் விண் என்று தெறித்தது. கொழுந்தெடுக்கிறவளுக்கு ஒற்றைக் காலில் பாரம் கொடுக்காமல் எப்படி முடியும்? சரிவில் நின்றால் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. கீழே இருக்கிற கால்தான் ஆளையும் தாங்க வேண்டும், முதுகில் இருக்கிற கொழுந்தையும் தாங்க வேண்டும். காலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்கும்போது அமராவதி காலை மாற்றி மாற்றி வைப்பாள். கங்காணி பேர் கூப்பிட்டு முடிப்பதற்குள் ஒரு சின்னக் கும்மியே ஆடி முடித்திருப்பாள்.

ஆனால் நடப்பதும் நிற்பதும்கூடப் பரவாயில்லை. படுப்பதுதான் கொடுமை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அந்த எலும்புக்கும் கட்டில் பலகைக்கும் நடுவே யாரோ அடுப்புக் கங்கை வைத்து ஊதுகிற மாதிரி இருக்கும். கொஞ்சம் கண்ணயர்வாள், எழுந்து உட்காருவாள், தண்ணீர் குடிப்பாள், மறுபடி படுப்பாள். விடியும்போது படுக்கப் போனதைவிட அதிகக் களைப்போடு எழுந்திருப்பாள்.

அப்படியானால் வலப்பக்கம் திரும்பிப் படுக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஊரே கேட்டது. அங்கேதான் சங்கதி இருக்கிறது.

அமராவதிக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் சீழ் பிடித்துப் போன காது அது. வலது காது மட்டும் பாம்புச் செவி. இடப்பக்கம் படுத்தால் செத்த காது தலையணைக்குள் போய்விடும், நல்ல காது மேலே திறந்திருக்கும். வலப்பக்கம் திரும்பினாலோ நல்ல காது தலையணையில் புதைந்து உலகமே வாயை மூடிக்கொள்ளும். சரி, மூடிக்கொண்டால் என்ன? நிம்மதியாகத் தூங்கலாமே? மற்றவர்களுக்குச் சரி. அமராவதிக்கு அது முடியாது. வீட்டுக்குப் பின்னால் மலை இருக்கிறது.

இப்போது பூனாகலைப் பக்கம் புது வீட்டில் இருந்தாலும் அவர்கள் மீரியபெத்தைக்காரர்கள். அந்த மழைக்காலத்துக் காலையில் அவள் மலைத் தண்ணீர் விழுகிற பீலியடியில் குடத்துக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள், இடது காது மலைப் பக்கமாக. மலை சரிந்து வந்தது. எல்லாருக்கும் கேட்டது, அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. சிவஞானம் எங்கிருந்தோ ஓடி வந்து அவளுடைய இடது கையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். குடம் உருண்டது. எதற்கு ஆட்டை இழுக்கிற மாதிரி இழுக்கிறீர்கள் என்று திட்டிக்கொண்டேதான் அவர் பின்னால் ஓடினாள். நின்று திரும்பிப் பார்த்தபோது வீடுகள் வரிசையாக நின்ற லயத்தின் இடத்தில் சேறு இருந்தது. அவளுடைய அக்கா விஜயலெட்சுமி அந்த லயத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அக்காவைக் கடைசிவரைக்கும் தோண்டி எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு முகாமில் இருந்த நாளெல்லாம் எல்லாரும் அந்தச் சத்தத்தைப் பற்றியே பேசினார்கள். ஹெலிகொப்டர் தலைக்கு மேலே வந்த மாதிரி என்றார் ஒருவர். பூமிக்குள்ளே யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி என்றாள் ஒருத்தி. சிவஞானம் சொன்னதுதான் எல்லாருக்கும் பிடித்துப்போனது. நூறு லொறி ஒரே நேரத்தில் கல் கொட்டின மாதிரி என்று அவர் கையை விரித்துச் சொன்னால் கேட்கிறவர்களுக்கு மயிர் கூச்செறியும். இன்றைக்கும் தேத்தண்ணிக் கடையில் யாராவது வெளியூர்க்காரர் வந்தால் அந்த நூறு லொறியும் ஒருமுறை வந்து கொட்டிவிட்டுப் போகும். அமராவதி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்படித்தான் பன்னிரண்டு வருஷமாக நல்ல காதை மேலே வைத்துக்கொண்டு படுக்கிறாள். இந்தத் தடவை வந்தால் அவளுக்குக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. கேட்டே இராத ஒரு சத்தத்துக்காக எப்படிக் காத்திருப்பது? அதனால் எல்லாச் சத்தமும் அவளுக்குச் சந்தேகம்தான். லொறி போனால் எழுந்து உட்காருவாள். பலா மரத்திலிருந்து காய் விழுந்தால் எழுந்து உட்காருவாள். மழை பெய்தால் படுப்பதே இல்லை. போனில் மும்மொழியிலும் எச்சரிக்கை வரும் என்கிறார்கள், வரட்டும். மழை வந்தால் முதலில் போவது சிக்னல்தான். போன வருஷப் புயலில் பதுளைப் பக்கம் எத்தனை மலை இறங்கியது என்று பார்த்தோமே. அவள் பயம் ஒன்றும் பைத்தியக்காரப் பயம் இல்லை.

ஆனால் இதை யாரிடமும் சொல்ல மாட்டாள். பெரிய துரையின் ஜீப்பை மறித்து நின்று நியாயம் கேட்டவள் அமராவதி. அட்டை கடித்தால் மற்றவர்கள் கூச்சல் போடும்போது பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த செடிக்குப் போகிறவள். அவள் படுக்கப் போனால் மலைக்குப் பயந்து விழித்திருக்கிறாள் என்று தெரிந்தால் தோட்டம் என்ன சொல்லும்? கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் மதுஷா காதில் விழுந்தால் அன்றைக்கே வந்து பெட்டியைக் கட்டி, ஜன்னலே இல்லாத ஏதோ வாடகை அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். சிவஞானமோ சிரிப்பார். அவர் படுத்தால் மரக்கட்டை. இவளுடைய புரளலுக்குப் பயந்து கட்டிலை அவளுக்கே விட்டுவிட்டுக் கீழே பாயில் படுத்து, நிம்மதியாகக் குறட்டை விடுகிற மனுஷன்.

முதலில் ஜெயலெட்சுமிதான் வைத்தியம் பார்த்தாள். சுளுக்கெடுப்பதில் அவளுக்கு அந்தத் தோட்டத்தில் நல்ல பேர். எண்ணெயைச் சூடாக்கி, கட்டை விரலால் அந்த எலும்பின் மேலேயே குத்தி உருட்டினாள். அமராவதி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கத்தினால் சுளுக்கு உள்ளே ஓடிவிடும் என்று ஜெயலெட்சுமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். இரண்டாம் தடவை வெந்நீர் நிரப்பிய போத்தலை வைத்து உருட்டினாள். மறுநாள் அந்த இடம் வீங்கி, தொட முடியாமல் கொதித்தது. சுளுக்கு மேலே வருகிறது, நல்ல அடையாளம் என்றாள் ஜெயலெட்சுமி. அந்த நல்ல அடையாளத்தோடு மலைக்குப் போய், சரிவில் கால் தடுமாறி, கொழுந்துக் கூடையோடு செடிமேல் சாய்ந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று அமராவதி முடிவெடுத்தாள்.

பதுளையில் டொக்டர் அழுத்திப் பார்த்தார், காலைத் தூக்கச் சொன்னார், மடக்கச் சொன்னார், படம் எடுத்துப் பார்த்தார். எலும்பில் ஒன்றும் இல்லை, மூட்டிலும் ஒன்றும் இல்லை என்றார். அமராவதிக்கு உடனே கோபம் வந்தது. ஒன்றுமில்லாததற்கா இவ்வளவு வலி? டொக்டர் சிரித்துவிட்டு, எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவில் உராய்வு இல்லாமல் இருக்க ஒரு சின்னத் தண்ணீர்ப் பை இருக்கிறது, அது அழற்சிப்பட்டு வீங்கியிருக்கிறது என்று விளக்கினார். கொஞ்ச நாளைக்கு மாத்திரை, அதோடு பிசியோதெரபி, அப்படியும் அடங்காவிட்டால் ஓர் ஊசி. கேட்டால் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஒரு தண்ணீர்ப் பைக்காகவா ஆயா அத்தனை மிளகாயை வீணாக்கினாள் என்று அவளுக்குத் தோன்றியது.

பிசியோதெரபி அறையில் இருந்தவள் றுஷ்தா, பதுளையிலேயே பிறந்து வளர்ந்த சின்னப் பெண். தலையில் முக்காட்டுத் துணி, கையில் சூடு, பேச்சில் அவசரம் கிடையாது. எண்ணெய் போட்டு உருட்டிய கதையைக் கேட்டதும் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். இனி அந்த இடத்தை யாரும் அழுத்தக் கூடாது, வீங்கின பையை மேலும் மேலும் நசுக்குகிற வேலை அது என்றாள். பீலித் தண்ணீரே ஐஸ் மாதிரிதானே உங்கள் பக்கம், அதில் துவாயை நனைத்து வைத்தாலே போதும் என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று செய்ய வேண்டியது, படுத்துச் செய்ய வேண்டியது என்று பயிற்சிகள் காட்டிக் கொடுத்தாள். எல்லாம் முடிந்தபிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அம்மா, நீங்க எந்தப் பக்கம் படுக்கிறீங்க?"

"வலப்பக்கம் மிஸ்" என்றாள் அமராவதி.

பொய் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். அப்படியென்றால் நல்லது என்றாள் றுஷ்தா. இடப்பக்கம் மட்டும் படுக்கவே வேண்டாம், இடப்பக்கம் படுத்தால் மாத்திரையும் வீண், பயிற்சியும் வீண், வலப்பக்கம் படுத்து இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மல்லாந்து படுங்கள் என்றாள். மல்லாந்தா? சின்ன வயதிலிருந்து கூடை சுமந்து கூனிப்போன முதுகு மல்லாந்து படுக்க ஒத்துக்கொள்ளுமா? அமராவதி தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து, படுப்பதற்குக்கூடப் பாடம் நடத்துகிறார்கள் என்று புலம்பினாள். புலம்பியது தப்பாகப் போயிற்று. சிவஞானம் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பின்பக்கம் நாலு பாத்தி லீக்ஸ் போட்டுக்கொண்டு, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிற மனுஷனுக்கு ஒரு வேலை கிடைத்தால் விடுவாரா? நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். கட்டில் சுவரோரம் கிடக்கிறது. வலப்பக்கம் திரும்பினால் அவளுக்கு முகத்தில் சுவர் இடிக்கும், கதவுக்கு முதுகைக் காட்ட வேண்டும். அவளுக்கு அது பிடிக்கவில்லை, அதனால்தான் இடப்பக்கமே படுக்கிறாள். தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிவிட்டால் விஷயம் முடிந்தது. மறுநாள் அவள் மலையிலிருந்து வருவதற்குள் தலையணையை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு மாற்றிவிட்டுப் பெருமையாக வாசலில் நின்றார்.

தேத்தூள் வாங்க வந்த ஜெயலெட்சுமி உள்ளே எட்டிப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். வடக்கே தலையா? வடக்கே தலை வைத்து யாராவது படுப்பார்களா? இருக்கிற வலி போதாதா? அவள் போட்ட போட்டில் சிவஞானத்துக்கே குலை நடுங்கிவிட்டது. பேசாமல் அலுமாரியைக் காலி செய்து, நகர்த்தி, கட்டிலைத் தூக்கி எதிர்ச் சுவரோரம் போட்டார். இப்போது தலை தெற்கே. வலப்பக்கம் படுத்தால் முகம் கதவுக்கு நேரே. அலுமாரி நகர்ந்த இடத்தில் இத்தனை நாள் காணாமல் போயிருந்த ஒரு கரண்டியும் கிடைத்தது. இதைவிட ஒரு பெண்சாதிக்கு என்ன வேண்டும் என்கிற முகத்தோடு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

அமராவதி நன்றாக இருக்கிறது என்றாள். படுக்கிற நேரம் வந்ததும், சுவரைப் பார்த்துக்கொண்டு இடப்பக்கமே படுத்தாள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டதற்கு, பழக்கம் என்றாள். இன்னொரு நாள் கேட்டதற்கு, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு படுக்க முடியவில்லை என்று கத்தினாள். மனுஷன் பாயைச் சுருட்டிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். சொல்லிவிட்டு அவளும் நொந்துபோனாள். ஆனால் சொல்லாமல் வேறு என்ன சொல்வது? நின்று செய்கிற பயிற்சியை எல்லாம் ஒன்று விடாமல் செய்தாள். படுத்துச் செய்வதை மட்டும் விட்டுவிட்டாள், அதற்கும் வலப்பக்கம் படுக்க வேண்டுமே. மாத்திரை தீர்ந்தது, வலி தீரவில்லை. மழைக்காலமும் வந்துவிட்டது. பின்னால் இருக்கிற மலையிலிருந்து தண்ணீர் இறங்குகிற ஓசை பகலிலும் கேட்க ஆரம்பித்தது. உட்கார்ந்தால் எழுந்திருப்பாள், எழுந்தால் வாசலுக்குப் போவாள், வாசலிலிருந்து பின்பக்கம் போய் லீக்ஸ் பாத்திக்கு மேலே மண்ணில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். வந்ததும் பார்த்தது போதவில்லை என்று தோன்றும், மறுபடி போவாள். சோறு வடிக்க மறந்து இரண்டு தடவை குழைந்துபோயிற்று.

இரண்டாம் தடவை பதுளைக்குப் போனபோது சிவஞானமும் கூடவே கிளம்பிவிட்டார். வேண்டாம் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். பண்டாரவளையில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட, சந்தையில் உருளைக்கிழங்கு விலை கேட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

றுஷ்தா காலைத் தூக்கிப் பார்த்தாள், மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். போன தடவையைவிடக் கொஞ்சமும் அடங்கவில்லையே என்று யோசித்தாள். வலப்பக்கம் படுக்கிற ஆளுக்கு இது இப்படி இருக்கக் கூடாதே என்றாள்.

"யாரு மிஸ் வலப்பக்கம் படுக்கிறது?" என்றார் சிவஞானம். "கட்டிலத் தூக்கி அங்கிட்டும் போட்டுட்டேன், இங்கிட்டும் போட்டுட்டேன். இவ இடப்பக்கம்தான் படுப்பேன்னு ஒரே பிடிவாதம்."

அமராவதிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. அப்புறம், அதை நினைத்ததற்காகவே தன் வாயில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. அந்தப் பெண் கோபிக்கவில்லை. ஏன் அம்மா என்றாள். பழக்கம் மிஸ் என்றாள் அமராவதி. றுஷ்தா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வலது காதில் தோடு இருந்தது. இடது காதில் தோடும் இல்லை, திருகாணியும் இல்லை. படுக்கும்போது குத்துகிறது என்று அமராவதி அதைக் கழற்றி வைத்து வருஷக் கணக்காகிறது. றுஷ்தா கட்டிலைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தாள். அங்கே நின்று என்னவோ பேசினாள். அமராவதி நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கழித்துத் தற்செயலாகத் திரும்பியபோதுதான், அந்தப் பெண் சிவஞானத்திடம் பேசிக்கொண்டிருப்பதும், அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பதும் தெரிந்தது.

என்ன சொன்னாள் என்று பஸ்ஸில் கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். பதுளையிலிருந்து பூனாகலை வரைக்கும், வழியில் கண்ட கடையையும் காணியையும் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எலும்பு உருக்கி நோய் என்று சொல்லிவிட்டாளா? காலை எடுக்க வேண்டுமாமா? இடது இடுப்பில் பாரம் விழாமல் சீட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் ஜன்னல் வழியாக மலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலிலேயே மழை பிடித்துக்கொண்டது. சாப்பிட்டு முடிந்ததும் சிவஞானம் வழக்கமாகத் தேத்தண்ணிக் கடைக்குப் போவார், மழையோ வெயிலோ. அன்றைக்குப் போகவில்லை. துவாயைப் பீலித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தார். படு என்றார். அவள் கட்டிலில் இடப்பக்கம் படுக்கப் போனாள், துவாய் வைக்க வேண்டிய பக்கமே அதுதான் என்று நினைவு வந்து எழுந்து உட்கார்ந்தாள். அவர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்திருந்தவளின் முதுகைச் சுற்றிக் கையை நீட்டி, இடது இடுப்பில் துவாயை வைத்துப் பிடித்துக்கொண்டார். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் அவளுடைய வலது காதுப் பக்கமாக வந்து உட்கார்ந்திருந்தார் என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"என்னத்தக் கேட்டுக்கிட்டுப் படுக்கிற?" என்றார்.

எழுந்து போய்விடலாம் என்று காலை ஊன்றினாள், இடுப்பு விடவில்லை. அந்தப் பொண்ணு சொன்னாளா என்று கேட்டாள். நல்ல காது மேலே இருக்க வேண்டும் என்றுதான் இவர்கள் இந்தப் பக்கம் படுக்கிறார்கள், எதைக் கேட்பதற்கு என்று நீங்களே கேளுங்கள் என்று றுஷ்தா சொன்னதாக அவர் சொன்னார். முப்பது வருஷம் கூடக் குடித்தனம் செய்கிறவனுக்குத் தெரியாதது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறதே என்று அவருக்கு ஒரே வெட்கமாகப் போய்விட்டதாம். அதனால்தான் பஸ்ஸில் வாயே திறக்கவில்லை.

அமராவதி கொஞ்ச நேரம் மழையைக் கேட்டாள்.

"மலைய" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. சிரிப்பார் என்று பன்னிரண்டு வருஷமாகப் பயந்த மனுஷன் துவாயைத் திருப்பி, குளிர்ந்த பக்கத்தை வைத்தார். அவ்வளவுதான், அவளுக்கு உடைத்துக்கொண்டது. எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தாள், எத்தனை தடவை அவருடைய காலடியில் வந்து நின்று எழுப்பலாமா வேண்டாமா என்று யோசித்தாள் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். அக்காவைப் பற்றியும் பேசினாள், இத்தனை வருஷத்தில் அவ்வளவு பேசினது கிடையாது. கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டு அவர் பக்கம் நன்றாகத் திரும்பினாள்.

"அது எப்படிங்க இருந்துச்சு, அந்தச் சத்தம்? கடையில சொல்ற மாதிரி இல்லாம எனக்குச் சொல்லுங்க. எதக் கேக்கணும்னே தெரியாமத்தான் நான் இத்தன வருசமா கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்."

சிவஞானம் துவாயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதிலிருந்து தண்ணீர் அவர் கட்டியிருந்த சாரத்தில் இறங்கியது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"எனக்கும் தெரியாது புள்ள" என்றார்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அன்றைக்குக் காலையில் அவர் லயத்துக்கு அந்தப் பக்கத்தில் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார். சத்தம் ஒன்றும் அவருக்குக் கேட்கவில்லை. கண்ணாடிக்குள் ஆட்கள் ஓடுவது தெரிந்தது, வாயைத் திறந்துகொண்டு ஓடினார்கள். திரும்பிப் பார்த்தால் அவள் பீலியடியில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். பாதி மழித்த முகத்தோடு ஓடி வந்து இழுத்தார். ஓடி நின்றபிறகுதான் எதற்காக ஓடினோம் என்பதே அவருக்குத் தெரிந்தது.

"அப்ப நூறு லொறி?" என்றாள் அமராவதி.

முகாமில் ஆளாளுக்கு ஒரு சத்தம் சொன்னார்கள், எனக்குக் கேட்கவே இல்லை என்று எப்படிச் சொல்வது, அதனால் நானும் ஒன்று சொன்னேன் என்றார். சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் தனக்கே கேட்ட மாதிரிதான் இருக்கிறது என்றார்.

அமராவதிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. பூனாகலை ரோட்டில் போன ஒவ்வொரு லொறிக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள் அவள். கல் லொறி, கொழுந்து லொறி, மரக்கறி லொறி எதையும் விட்டது கிடையாது. எல்லாம் இந்த மனுஷன் கடையில் அளந்த கதையை நம்பி! அவர் மடியிலிருந்த ஈரத் துவாயைப் பிடுங்கி அவர் முகத்திலேயே வீசினாள். அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்திருந்தார். தாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு இன்னும் ஏதாவது எடுத்து வீச வேண்டும் போல் இருந்தது, கையெட்டும் தூரத்தில் தலையணையைத் தவிர ஒன்றும் இல்லை. அதை எடுத்தவள், வீசாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"கேக்காமலேவா ஓடியாந்தீங்க?"

"கேக்காமத்தான்" என்றார். "நீ அங்க நிக்கிறதப் பாத்தேன்."

வெளியே மழை கொஞ்சம் ஓங்கி அடித்தது. பின்பக்கம் மலையிலிருந்து தண்ணீர் இறங்குகிற ஓசை கேட்டது, அதற்கு மேலே தூரத்தில் ஏதோ ஒரு வண்டி ஏற்றத்தில் முனகியது. அவளுடைய காது தன்பாட்டில் அதைத் தேடிப் போனது. அவள் அந்த வண்டியைக் கொஞ்ச தூரம் கேட்டாள். பிறகு எரிச்சலோடு தலையை உதறிக்கொண்டு, நீங்கள் இப்போது கடைக்குப் போகப் போகிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார். தூங்கப் போகிறீர்களா என்று கேட்டாள். இல்லை, இங்கேதான் உட்கார்ந்திருப்பேன், கதவும் திறந்திருக்கிறது, அந்தா மலையும் தெரிகிறது என்றார். நீங்கள் உட்கார்ந்தாலே தூங்குகிற ஆள் என்றாள். தூங்கினாலும் கையை விட மாட்டேன், ஓடினால் உன்னையும் இழுத்துக்கொண்டுதான் ஓடுவேன், முன்னே செய்ததுதானே என்றார்.

அவள் கையிலிருந்த தலையணையை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, பாதி வழியில் ஒருமுறை நிறுத்தி, வலப்பக்கம் திரும்பிப் படுத்தாள். நல்ல காது படுக்கையில் அழுந்தியது. மழை நின்றுபோன மாதிரி எல்லாம் அடங்கியது. உடம்பு முழுதும் விறைத்துக்கொண்டது, இப்போதே எழுந்துவிட வேண்டும் என்று கால் பரபரத்தது. இடது இடுப்பின் மேல் ஒரு பாரமும் இல்லை. அந்த அடுப்புக் கங்கை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. அதையும் அவளால் உடனே நம்ப முடியவில்லை.

இடது கையை நீட்டினாள். ஈரமான ஒரு கை அதைப் பற்றிக்கொண்டது.

"விட்டுறாதீங்க" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். தன் குரல் தனக்கே கேட்காததால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள், ஜெயலெட்சுமி வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அவர் என்னவோ பதில் சொன்னார் போல, பிடித்திருந்த கை லேசாக அசைந்தது. அவளுக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னீர்கள் என்று அவள் திரும்பக் கேட்கவும் இல்லை.